சூடோ போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

மறுநாள் காலை பத்து மணிக்கு புராஜெக்ட் ரிவ்யூ. இரவு மணி பதினொன்றரை. இறுதியாண்டு மாணவர் ஒருவர் விடுதி அறையில் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாங்கோவில் எழுதிய நூலக மென்பொருள் கூட்டாளியின் கணினியில் நன்றாக ஓடுகிறது. இவருடைய கணினியில் இருப்பது டெபியன் 12. முனையத்தைத் திறந்து, பிப் கட்டளை கொடுத்து ஜாங்கோவை நிறுவச் சொல்கிறார். ஜாங்கோ வருவதற்குப் பதில் பத்துப் பதினைந்து வரியில் ஒரு பிழைச்செய்தி வருகிறது. ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்பது அதன் சாரம்.

அந்த நேரத்தில் அதைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? முதல் வரியை நகலெடுத்து கூகுளில் போட்டால் விடை கிடைத்துவிடுகிறது. கட்டளைக்கு முன்னால் சூடோ போட வேண்டும், கடைசியில் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். போட்டார், ஒட்டினார், ஓடியது. ரிவ்யூ முடிந்தது, மதிப்பெண்ணும் வந்தது. இதில் என்ன தப்பு?

அந்த வாலின் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ‘இயங்குதளத்தின் பொதிகளை உடை’ என்று பொருள். இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் வைத்தும் அதைத் தினமும் எத்தனையோ பேர் தட்டச்சு செய்கிறார்கள்! லினக்ஸில் பைத்தான் சார்ந்த சர்வர் மென்பொருளை நிறுவும்போது குறுக்கே நிற்கும் இந்தத் தடையைப் பல மாணவர்கள் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். தடை சரியானது. சொல்லப்போனால் பல வருடம் தாமதமாக வந்தது. மாற வேண்டியவை, அதைத் தாண்டிக் குதிக்கச் சொல்லிக்கொடுக்கும் பாடக்குறிப்புகள்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பைத்தான் யாருடையது?

விண்டோஸில் பைத்தான் என்பது பயனர் தானாக இறக்கி வைக்கும் ஒரு மென்பொருள். பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம், விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. லினக்ஸில் கதை வேறு. பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் பைத்தான் வீட்டோடு சேர்ந்தே வருகிறது. வீட்டு வேலைகள் பலவற்றை அதுதான் பார்க்கிறது. ஜென்டூவின் பொதி மேலாளரான போர்டேஜ் பைத்தானில் எழுதப்பட்டது. ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் கணினிகளில் பல வருடம் கோலோச்சிய யம் பைத்தானில் எழுதப்பட்டது. சர்வர் வைத்திருப்பவர்கள் தினமும் நம்பியிருக்கும் யூஎஃப்டபிள்யூ என்ற தீயரண் கருவி, கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாகப் போட்டுப் பார்க்கும் ஆசாமிகளைத் தடுத்து நிறுத்தும் ஃபெயில்2பான், இணையதளத்துக்குப் பூட்டுச் சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட்... எல்லாமே பைத்தான்தான்.

சென்ட்ஓஎஸ் 6 காலத்து அனுபவத்தை அந்தக் காலத்து நிர்வாகிகளிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதில் இருந்தது பைத்தான் 2.6. வேண்டிய சர்வர் மென்பொருளோ 2.7 கேட்கும். உடனே சிலர் 2.7-ஐ மூலத்திலிருந்து தொகுத்து, பைத்தான் என்ற கட்டளை புதியதைச் சுட்டும்படி மாற்றிவிடுவார்கள். அடுத்த நொடியிலிருந்து யம் ஓடாது. ஏனென்றால் யம் 2.6-ஐ நம்பி எழுதப்பட்டது, அதற்கு வேண்டிய நிரல்கூறுகள் 2.6-இன் அடைவில்தான் இருக்கும். மென்பொருள் நிறுவும் கருவியே படுத்துவிட்டால் பிறகு எதை வைத்து எதைச் சரிசெய்வது? ஏணியில் ஏறி நின்றுகொண்டு ஏணியையே எட்டி உதைத்த கதை.

இதில் ரெட் ஹாட் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. 2019-இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் இயங்குதளத்தின் சொந்த வேலைகளுக்கு ‘பிளாட்ஃபார்ம் பைத்தான்’ என்று தனியாக ஒன்றை ஒதுக்கி, யார் கையும் எளிதில் படாத இடத்தில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு சமையலறை, வாடகைக்கு வருபவருக்கு வேறு சமையலறை. டெபியனும் உபுண்டுவும் வேறு வழியில் போயின. அந்த வழிதான் மாணவர் பார்த்த பிழைச்செய்தி.

உடைவது அன்றைக்குத் தெரியாது

“எத்தனையோ தடவை சூடோ போட்டு நிறுவியாச்சு, ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டெபியனில் ஆப்ட் கொண்டுவரும் பைத்தான் பொதிகள் ஓர் அடைவில் போய் உட்காரும். சூடோ போட்ட பிப் கொண்டுவருபவை ‘லோக்கல்’ என்ற இன்னோர் அடைவில் உட்காரும். இரண்டும் தனித்தனி இடம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு நிரல்கூறைத் தேடும்போது பைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பது லோக்கல் அடைவைத்தான். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு போய்விடும். இது மாணவரின் மென்பொருளுக்கு மட்டும் நடப்பதில்லை. அதே பைத்தானை நம்பியிருக்கும் இயங்குதளக் கருவிகளுக்கும் சேர்த்தே நடக்கிறது.

ஓர் உதாரணம். ஆப்ட் வழியாக நிறுவிய செர்ட்பாட், மறையீட்டு வேலைக்கும் இணையத் தொடர்புக்கும் வேறு சில பொதிகளைச் சார்ந்திருக்கிறது. புதிய சர்வர் மென்பொருளை சூடோ போட்டு பிப்பில் நிறுவும்போது, அதே பொதிகளின் புதிய பதிப்புகளும் கூடவே வந்து இறங்கும். அன்று இரவு எல்லாம் பளிச்சென்று ஓடும். தளமும் திறக்கும். செர்ட்பாட் தன் வேலையைச் செய்யப் போவது அடுத்த புதுப்பித்தலின்போதுதான். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள் அல்லது அதற்கும் குறைவு. செர்ட்பாட் பின்னணியில் எழுந்து, தனக்குப் பழக்கமில்லாத புதிய பதிப்பைப் பார்த்துத் தடுமாறி விழுந்தால் அது யார் கண்ணிலும் படாது. சான்றிதழ் காலாவதியாகும் நாளில்தான், தளத்துக்கு வருபவர்கள் உலாவியின் எச்சரிக்கையைப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு ஓர் இரவில் போட்ட ஒரு கட்டளைதான் காரணம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

தவறு செய்த நொடியிலேயே அடி விழுந்தால் எவரும் கற்றுக்கொள்வார். மூன்று மாதம் கழித்து விழுந்தால் ‘லினக்ஸே இப்படித்தான்’ என்று சலித்துக்கொண்டு போய்விடுவார். சூடோ பிப் பழக்கம் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது சரியில்லை. பைத்தான் உலகமே இந்த விஷயத்தில் நெடுங்காலம் தடுமாறியது. 2004 வாக்கில் வந்த ஈஸி இன்ஸ்டால் பொதிகளை நிறுவத் தெரிந்த கருவி, நீக்கத் தெரியாது! நிறுவியதை நீக்க வேண்டுமானால் அடைவுக்குள் புகுந்து கையால் அழிக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழல் என்ற எண்ணத்தோடு 2007-இல் வெர்ச்சுவல்என்வ் வந்தது. அதை எழுதிய இயன் பிக்கிங்தான் 2008-இல் பிப்பையும் எழுதினார். அதாவது பிப்பும் தனிச் சூழலும் ஒரே ஆளின் கையிலிருந்து வந்தவை. ஊரார் பிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தனிச் சூழலை விட்டுவிட்டார்கள். 2012-இல் பைத்தான் 3.3 வந்தபோது வீஎன்வ் என்ற பெயரில் மெய்நிகர் சூழல் பைத்தானுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. தனியாக இறக்க வேண்டும் என்ற சாக்கும் அன்றோடு போயிற்று.

கடைசியாக 2021-இல் பெப் 668 என்ற முன்மொழிவு எழுதப்பட்டது. லினக்ஸ் வழங்கல் தன் பைத்தான் அடைவில் ஓர் அடையாளக் கோப்பை வைத்தால், பிப் அதைப் பார்த்துவிட்டு ‘இது என் இடம் இல்லை’ என்று ஒதுங்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2023 ஏப்ரலில் வந்த உபுண்டு 23.04-உம் அதே ஆண்டு ஜூனில் வந்த டெபியன் 12-உம் அந்தக் கோப்பை வைத்தன. அதற்கு முந்தைய பதினைந்து வருடங்களில் எழுதப்பட்ட எத்தனையோ வழிகாட்டிகளும் ஆய்வகக் குறிப்புகளும் ‘சூடோ பிப்’ என்றே தொடங்குகின்றன. காலம் மாறியும் அவை மாறவில்லை. புதிதாக எழுதுபவர்கள் பலரும் பழையதை நகலெடுத்து, கடைசியில் அந்த உடைக்கும் வாலை மட்டும் ஒட்டிவிடுகிறார்கள்.

சூடோ என்பது சாவிக்கொத்து

இயங்குதளம் உடைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இதைவிடப் பெரிது. பிப் பொதிகளை எடுத்துவரும் பைபிஐ களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கி, தான் எழுதியதை ஏற்றலாம். அந்தத் திறந்த மனப்பான்மைதான் பைத்தானின் பலம். அதே சமயம், மூல வடிவில் வரும் பொதிகள் நிறுவும் வேளையிலேயே தம் நிரலை ஓட்ட முடியும். கட்டளைக்கு முன் சூடோ இருந்தால் அந்த நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடும். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதைப் படித்தும் பார்க்காமல், வீட்டுச் சாவிக்கொத்தை மொத்தமாக அவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019 டிசம்பரில் பைபிஐயிலிருந்து இரண்டு போலிப் பொதிகள் நீக்கப்பட்டன. ஒன்று, ஜெல்லிஃபிஷ் என்ற நல்ல பொதியின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் வரும் ஒரு சிறிய எல் எழுத்தை மட்டும் பெரிய ஐ எழுத்தாக மாற்றியிருந்தது. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அது பைபிஐயில் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது. இன்னொன்றின் பெயர் ‘பைத்தான்3-டேட்யூடில்’. இதில்தான் விஷமம். நிஜப் பொதியின் பெயர் பைபிஐயில் வேறு. ஆனால் டெபியனில் ஆப்ட் வழியாக நிறுவும்போது அதே பொதியின் பெயர் சரியாக ‘பைத்தான்3-டேட்யூடில்’ என்றுதான் இருக்கும். ஆப்ட்டில் பழகிய பெயரை மறதியாக பிப்பில் அடிப்பவர் நேராகப் போலியிடம் போய்ச் சேருவார். அவை குறிவைத்தது எஸ்எஸ்எச், ஜிபிஜி சாவிகளை. அந்தச் சாவிகள் கைமாறினால் அந்த ஒரு கணினி மட்டுமல்ல, அவர் நுழையக்கூடிய சர்வர்கள் எல்லாமே ஆபத்தில்.

மெய்நிகர் சூழல் இந்தத் திருட்டைத் தடுத்துவிடும் என்று சொல்வது பொய். அதற்குள் நிறுவினாலும் தீய நிரல் அந்தப் பயனரின் கோப்புகளைப் படிக்கத்தான் செய்யும். ஆனால் சூடோ இல்லாமல், வேறு எந்த வேலையும் இல்லாத தனிப் பயனராக நிறுவினால், திருட வந்தவனுக்குக் கிடைப்பது ஓர் அறையின் சாவி மட்டும்தான். சேதத்துக்கு ஓர் எல்லை கிடைக்கிறது.

சர்வர் என்றால் பொறுப்பு

சொந்தக் கணினியில் ஒரு கால்குலேட்டர் நிரலை ஓட்டுவதும் சர்வரை ஓட்டுவதும் ஒன்றல்ல. சர்வர் என்பது இருபத்து நான்கு மணி நேரமும் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யார் வந்தாலும் பதில் சொல்லும் மென்பொருள். அதற்குள் அடுத்தவர்களின் பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல் எல்லாம் இருக்கும். அதனால் நிறுவும் முறையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஜாங்கோ மென்பொருள் ஒன்றுக்கு அந்த ஒழுங்கு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்.

முதலில், அந்த மென்பொருளுக்கென்றே ஒரு தனிப் பயனர். அவருக்கு சூடோ உரிமை கிடையாது. அடுத்து, ஒரு மெய்நிகர் சூழல். பெயர்தான் பெரிது, உண்மையில் அது ஒரு சாதாரண அடைவு. அதற்குள் பைத்தானுக்கு ஓர் இணைப்பு, பொதிகளுக்கு ஓர் இடம், சின்னதாக ஓர் அமைப்புக் கோப்பு, அவ்வளவே. வேண்டாம் என்றால் அடைவை அழித்தால் போதும், சுவடே இருக்காது. மூன்றாவது, எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்ற பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைப்பது. நான்காவது, குனிகார்ன் போன்ற ஒரு பயன்பாட்டு சர்வர். இயல்பாக அது 127.0.0.1 என்ற உள்முகவரியில் 8000-ஆம் துறையில்தான் காத்திருக்கும், வெளியாட்களுக்கு முகம் காட்டாது. ஐந்தாவது, வாசலில் காவலாக என்ஜின்எக்ஸ். 1024-க்குக் கீழே உள்ள துறைகளைத் திறக்க லினக்ஸில் இயல்பாக ரூட் உரிமை வேண்டும். 80, 443 இரண்டும் அந்தக் கணக்கில் வருகின்றன. அந்தக் கதவைத் திறப்பது என்ஜின்எக்ஸின் வேலை. பைத்தான் நிரலுக்கு ரூட் வாசனையே தேவையில்லை. கடைசியாக, கணினி மறுபடி தொடங்கினாலும் சர்வர் தானாக எழுந்துகொள்ள சிஸ்டம்டியில் ஒரு சேவைக் கோப்பு.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. மெய்நிகர் சூழலை ‘ஆக்டிவேட்’ செய்தால்தான் அது வேலை செய்யும் என்று நினைத்து, சேவைக் கோப்பில் அதை எப்படிச் செய்வது என்று தெரியாமல் குழம்பி, ‘இந்தத் தனிச் சூழல் எல்லாம் சர்வருக்குச் சரிப்படாது’ என்று மீண்டும் சூடோவுக்கே திரும்பிவிடுவார்கள். ஆக்டிவேட் என்பது முனையத்தில் தட்டச்சைக் குறைக்கும் ஒரு வசதி மட்டுமே. சூழலின் அடைவுக்குள் இருக்கும் குனிகார்னின் முழுப் பாதையையும் சேவைக் கோப்பில் எழுதிவிட்டால் போதும், தன் பொதிகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஜாங்கோவோடு வரும் ரன்சர்வர் கட்டளையை அப்படியே இணையத்தில் திறந்துவிடுவது இன்னொரு வழக்கம். அது நிரல் எழுதும்போது சோதித்துப் பார்க்க மட்டுமே, உண்மையான பயன்பாட்டுக்கு அல்ல என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. அதோடு டீபக் வசதியையும் அணைக்காமல் விட்டால், ஏதாவது பிழை வரும்போது நிரலின் வரிகளும் மாறிகளின் மதிப்புகளும் வந்தவர் திரையில் விரிந்து கிடக்கும். இதுவும் ‘எப்படியோ ஓடினால் போதும்’ என்ற அதே மனநிலையின் இன்னொரு பிள்ளைதான்.

மறுப்புகளும் இருக்கின்றன

எதிர்த்தரப்பின் வாதங்களையும் பார்த்துவிடுவது நியாயம்.

முதல் வாதம்: “இவ்வளவு சடங்கு எதற்கு? ஆப்ட்டிலேயே ஜாங்கோ இருக்கிறதே?” இருக்கிறது, பல நேரம் அதுவே நல்ல வழியும்கூட. டெபியன் 12-இல் இருப்பது ஜாங்கோ 3.2. ஜாங்கோ குழு அதற்கான ஆதரவை 2024 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. ஆனால் ஒரு டெபியன் வெளியீட்டுக்கு ஆதரவு இருக்கும் வரை, பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒட்டுப்போட்டுத் தருவது டெபியன்காரர்களின் வழக்கம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும் என்பவருக்கு ஆப்ட். புதியதுதான் வேண்டும் என்பவருக்கு மெய்நிகர் சூழல். ஆனால் அங்கே காவலுக்கு யாரும் வரமாட்டார்கள். ஆப்ட் எத்தனை தடவை புதுப்பித்தாலும் சூழலுக்குள் இருக்கும் ஜாங்கோ அசையாது. அதைக் கவனிப்பது நிறுவியவரின் கடமை. சூடோ பிப்பில் நிறுவுபவருக்கு இரண்டிலும் உள்ள கெட்டது மட்டும் கிடைக்கிறது. டெபியனும் பார்த்துக்கொள்ளாது, எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

இரண்டாம் வாதம்: “டாக்கர் இருக்கும்போது இந்தக் கவலை எல்லாம் பழங்கதை.” பாதி உண்மை. கொள்கலனுக்குள் வேறு எந்த வேலையும் நடக்காததால் அங்கே எதையும் உடைத்துவிடுவோமோ என்ற பயம் குறைவு. பைத்தானின் அதிகாரபூர்வ டாக்கர் படிமத்தில் பைத்தான் லோக்கல் அடைவில் தனியாக இருக்கிறது, அதனால் அந்தப் பிழைச்செய்தியும் வராது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இயங்குதளத்தின் பைத்தானையும் பயன்பாட்டின் பைத்தானையும் பிரித்து வைப்பது என்ற அதே கொள்கையைத்தான் டாக்கர் இன்னும் பெரிய சுவர் கட்டிச் செய்கிறது. சுவரின் காரணம் தெரியாமல் டாக்கருக்குப் போகிறவர், இரண்டு வருடப் பழைய படிமத்தைப் புதுப்பிக்காமலே ஓட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாம் வாதம்: “படிக்கும் பிள்ளைகளின் மெய்நிகர் கணினிதானே, உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும்.” இதில் நியாயம் உண்டு. அழிக்கப்போகிற கணினியில் எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். உடைத்துப் பார்ப்பதும் படிப்புதான். சிக்கல், கை பழகிவிடுகிறது என்பது. இரண்டு வருடம் கழித்து அதே கை ஒரு மருத்துவமனையின் சர்வரிலோ வங்கியின் சர்வரிலோ தட்டச்சு செய்யும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மெய்நிகர் சூழலிலும் குறைகள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. டெபியன் வீஎன்வ் வசதியைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருப்பதால், புதிதாக வருபவர் தனிச் சூழல் உருவாக்கப் போகும் முதல் அடியிலேயே இன்னொரு பிழைச்செய்தியைச் சந்திக்கிறார். சரியான வழியில் போக நினைப்பவரை வாசலிலேயே தடுக்கும் இந்த ஏற்பாடு டெபியனின் தவறுதான். அடைவை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் சூழல் ஓடாது, ஏனென்றால் உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். இயங்குதளத்தை மேம்படுத்தும்போதும் கவனம் வேண்டும். டெபியன் 12-இல் பைத்தான் 3.11, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 3.13. மேம்படுத்திய மறுநாள் பழைய சூழல் படுத்துவிடும். பதிப்புப் பட்டியலை எழுதி வைத்தவர் அடைவை அழித்துவிட்டு, சில நிமிடங்களில் புதிதாகக் கட்டிக்கொள்வார். எழுதி வைக்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

நிறுவிய பிறகுதான் ஆரம்பம்

பைத்தான் சர்வர் மென்பொருள்களில் ஒரு முதியவரின் கதை இங்கே பொருத்தம். மெயில்மேன் 2 என்ற மடற்குழு மென்பொருள் உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலும் கட்டற்ற மென்பொருள் குழுக்களிலும் பல வருடம் ஓடியது. அது பைத்தான் 2-ஐ நம்பியிருந்தது. பைத்தான் 3 வந்தது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. இடையில் பதினோரு வருடத்துக்கு மேல் அவகாசம். மாற்றான மெயில்மேன் 3-உம் 2015-இலேயே வந்துவிட்டது. அப்படியும் 2021-இல் டெபியன் 11 மெயில்மேன் 2 இல்லாமல் வெளிவந்தபோது பல நிர்வாகிகள் விழி பிதுங்கினார்கள். நிறுவிய அன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவர்களுக்குத்தான் அதிக அடி. எந்தப் பொதி எங்கே, எந்தப் பதிப்பு, யார் பொறுப்பு என்று எழுதி வைத்திருந்தவர்கள் ஒரு வார இறுதியில் மாறிக்கொண்டார்கள்.

ஆகவே நிறுவுதல் என்பதை ஒரு கட்டளையாகச் சொல்லிக்கொடுப்பது போதாது. இது இயங்குதளத்தின் பைத்தான், இது பயன்பாட்டின் பைத்தான், இவர் இதற்குப் பொறுப்பு என்று மூன்று கோடு போட்டுவிட்டுத்தான் முதல் கட்டளையையே சொல்ல வேண்டும். பைத்தான் ஆய்வகத்தின் முதல் நாள் முதல் பயிற்சியே மெய்நிகர் சூழல் உருவாக்குவதாக இருக்கலாம். ஐந்து நிமிட வேலை. வழிகாட்டி எழுதுபவர்கள் தங்கள் பழைய பக்கங்களைத் திறந்து, சூடோ பிப் என்று இருக்கும் வரிகளைத் திருத்தலாம். அதுவும் பத்து நிமிட வேலைதான்.

அந்த இரவு பதினொன்றரை மணி மாணவரிடமே திரும்பலாம். அவர் படிக்காமல் விட்ட பிழைச்செய்தியில் என்ன இருந்தது தெரியுமா? டெபியன் பொதி இருந்தால் ஆப்ட்டில் நிறுவிக்கொள் என்று இருந்தது. இல்லையென்றால் மெய்நிகர் சூழல் உருவாக்கிக்கொள் என்று, அதற்கான கட்டளையே எழுதியிருந்தது. அதற்கு எந்தப் பொதியை முதலில் போட வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. கடைசியில்தான், உடைந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு அந்த வால். கூகுளில் தேடிய நேரத்தில் பாதியைச் செலவழித்து அந்தப் பதினைந்து வரியைப் படித்திருந்தால், வேலையும் முடிந்திருக்கும், காலையில் தேர்வாளர் ‘எப்படி நிறுவினாய்?’ என்று கேட்டால் சொல்லவும் ஒரு பதில் இருந்திருக்கும் :-)